பொருளை விட்டு இடைவெளியை வரைதல்

நாற்காலியின் கால்களுக்கு நடுவே தெரியும் காலி இடத்துக்கும் ஒரு வடிவம் உண்டு. பொருளைச் சுற்றியும் அதன் உறுப்புகளுக்கு இடையிலும் உள்ள இத்தகைய இடங்களை ஓவியர்கள் ‘நெகட்டிவ் ஸ்பேஸ்’, அதாவது வெற்றுவெளி என்பார்கள். வெளிக்கும் பொருளுக்கும் எல்லைக்கோடு ஒன்றே. ஆகவே வெளிகளைச் சரியாக வரைந்தால் பொருளும் சரியாக அமைந்துவிடும்.

புதிதாக வரைபவர்களின் பிழைகளுக்குப் பெரும்பாலும் கை காரணமன்று, முன்னறிவே காரணம். இருக்கை சதுரம், நான்கு கால்களும் ஒரே நீளம் என்பது மூளைக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரிவதோ சரிந்து குறுகிய ஒரு நாற்கரம். பின்கால்களும் முன்கால்களைவிடக் குட்டையாகத் தெரிகின்றன. பார்க்கும் கோணம் மாறினாலும் பொருளின் வடிவம் மாறாததாகவே உணரும் இந்த இயல்பை உளவியலில் வடிவ நிலைப்பு என்பர். பொருள்களை அடையாளம் காண இது இன்றியமையாதது. ஆனால் வரையும்போது குறுக்கே நிற்கிறது. இடைவெளிக்கு அப்படிப்பட்ட ‘தெரிந்த வடிவம்’ எதுவும் இல்லை. அதனால் கண்ணில் படுவதையே கை வரைகிறது.

எனினும் வெளியை வடிவமாகப் பார்ப்பதற்குப் பயிற்சி வேண்டும். டென்மார்க் உளவியலாளர் எட்கர் ரூபின் 1915-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கான காரணத்தைக் காட்டுகிறது. பூச்சாடியாகவும் எதிரெதிரான இரு முகங்களாகவும் மாறி மாறித் தெரியும் படம் அவர் பெயராலேயே அறியப்படுகிறது. எல்லைக்கோட்டை ஒரு நேரத்தில் ஒரு பக்கத்துக்கே மனம் உரிமையாக்குகிறது. மறுபக்கம் வடிவமிழந்து, உருவத்தின் பின்னே பரவிய பின்புலமாகிவிடுகிறது. 2000-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், எல்லைக்கோடு எந்தப் பக்கத்து உருவத்துக்கு உரியது என்பதற்கேற்ப வேறுபட்டு இயங்கும் நரம்பணுக்களைக் குரங்குகளின் மூளையில் கண்டறிந்தனர். வெற்றுவெளிப் பயிற்சி அந்த உரிமையை வேண்டுமென்றே இடம் மாற்றுகிறது.

அமெரிக்க ஓவிய ஆசிரியர் பெட்டி எட்வர்ட்ஸ் 1979-இல் வெளியிட்ட நூல் இந்தப் பயிற்சியைப் பரவலாக்கியது. வரையும் திறன் வலப்பக்க மூளைக்குரியது என்று அவர் விளக்கினார். அவ்வளவு தெளிவான பிரிவினையை இன்றைய நரம்பியல் ஏற்பதில்லை. வரையும்போது மூளையின் இரு பக்கங்களும் இயங்குகின்றன. ஆனாலும் பயிற்சியின் பயன் குறையவில்லை.

தொடங்குவதற்கு அட்டையில் ஒரு செவ்வகச் சட்டம் வெட்டிக்கொள்ள வேண்டும். சட்டத்தின் நீள அகல விகிதமே தாளில் வரையும் கட்டத்துக்கும் இருக்க வேண்டும். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பொருள் சட்டத்தின் விளிம்புகளைத் தொடும்படி பிடித்தால் வெளிகள் நாற்புறமும் மூடிய வடிவங்களாகும். அவற்றில் ஒன்றை முதலில் வரைந்து, அதை அளவுகோலாகக் கொண்டு அடுத்தடுத்த வெளிகளைச் சேர்க்க வேண்டும். வெளிகளில் நிழல் தீட்டினால், நடுவே பொருள் வெள்ளையாகத் தெரியும். நாற்காலி, ஏணி, இலை நிறைந்த கிளை ஆகியவை தொடக்கப் பயிற்சிக்கு ஏற்றவை.

முகத்தின் உள்விவரங்களுக்கும் இடைவெளியற்ற திரண்ட பொருள்களுக்கும் இம்முறை மட்டும் போதாது. அங்கே பென்சிலை நீட்டிக் கோணம் அளப்பதும் ஒளி நிழலைக் கவனிப்பதும் துணையாக வேண்டும்.