ஒரு கடிதத்தை மட்டும் நீக்குவது

கன்னியாகுமரியிலிருந்து கடற்கரையோரமாக வடகிழக்கே போனால் கூடங்குளம். அங்கே ஒரு கணினியில் வைரஸ் புகுந்தது உண்மைதான் என்று 2019 அக்டோபர் 30 அன்று இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. செப்டம்பர் 4 அன்றே அதைக் கண்டு சொன்னது நாட்டின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன். அது இணையத்தோடு இணைந்த நிர்வாகக் கணினி; உலையை இயக்கும் வலைப்பின்னல் தனி என்றது கழகம்.

ஒற்றைக் கணினி என்றால் வயரைப் பிடுங்கி ஒதுக்கிவைக்கலாம். வைரஸ் மின்னஞ்சலில் வந்து, சர்வரில் நூறு பேருடைய பெட்டிகளில் தங்கிவிட்டால்? எல்லோருடைய கடிதங்களும் அங்கேதான் இருக்கின்றன. கெட்டதை மட்டும் எடுத்தாக வேண்டும்.

பழைய எம்பாக்ஸ் முறையில் ஒருவருடைய கடிதங்கள் அத்தனையும் ஒரே கோப்பு. 'ஃப்ரம்' என்று தொடங்கும் வரிதான் அடுத்த கடிதத்துக்கு அடையாளம். சாதாரண ஆன்டிவைரஸுக்குக் கடிதம் தெரியாது, கோப்புதான் தெரியும். பத்து வருடக் கடிதங்களுக்கு நடுவே ஒன்றில் வைரஸைக் கண்டாலும் கோப்பையே தூக்கிவிடும்; பெட்டி காலியாகிவிடும். மைக்ரோசாஃப்டின் எக்ஸ்சேஞ்ச் சர்வரில் பலருடைய பெட்டிகளும் ஒரே தரவுத்தளத்துக்குள் கிடப்பதால் சேதம் இன்னும் பெரிது. அந்தக் கோப்புறைகளைச் சாதாரண ஆன்டிவைரஸைத் தொடவிடாதீர்கள் என்று மைக்ரோசாஃப்டே அறிவுறுத்துகிறது. டேனியல் பெர்ன்ஸ்டீன் வகுத்த மெயில்டிர் முறையில் கடிதத்துக்கு ஒரு கோப்பு. தனித்தனி ஓலைகளைப் போல, ஒன்றை உருவினாலும் மற்றவை அப்படியே இருக்கும்.

கண்டுபிடிப்பதும் எளிதல்ல. மின்னஞ்சல் ஆதியில் வெறும் எழுத்துகளைச் சுமக்கவே பிறந்தது. அதனால் இணைப்பாக வரும் கோப்பு பேஸ்64 முறையில் எழுத்துகளாக மாறுகிறது: 3 பைட்டுக்கு 4 எழுத்து. வைரஸ் தன் சொந்த உருவில் அங்கே இருப்பதில்லை. எழுத்துகளைத் திரும்பப் பிரித்து, உள்ளே ஜிப் இருந்தால் அதையும் அவிழ்த்துப் பார்த்தால்தான் பிடிபடும்.

கண்டுபிடித்தாலும் போதாது; வரத்தும் நிற்க வேண்டும். 2000 மே 4 அன்று பிலிப்பைன்ஸிலிருந்து கிளம்பிய 'ஐ லவ் யூ' வைரஸ், முகவரிப் பட்டியலில் இருந்த எல்லோருக்கும் தன்னைத்தானே அனுப்பியது. பிரிட்டிஷ் நாடாளுமன்றம் மின்னஞ்சல் சேவையையே நிறுத்தியது. சரியான முடிவு. வரத்து நிற்காமல் துப்புரவு முடியாது. புதுக் கடிதம் எழுதப்படும்போதே கோப்பில் கைவைத்தால் நல்லதும் சிதையும்.

ஆகவே விநியோகத்தை நிறுத்தி, நகல் எடுத்து, அஞ்சல் சர்வரின் சொந்தக் கட்டளையால்தான் நீக்க வேண்டும். அப்போதுதான் அதன் கடித அட்டவணையும் சேர்ந்து சரியாகும். நீக்கியதைச் சில நாள் தனியே பூட்டிவைப்பது நல்லது. சந்தேகம் தவறாகிப்போய், யாரோ ஒரு பெண்ணின் வேலை உத்தரவு அதில் சிக்கியிருக்கலாம்.

பலரும் மறப்பது காப்பு நகலை. வட்டு பழுதாகி நகலிலிருந்து மீட்கும் நாளில் வைரஸ் கடிதமும் கூடவே திரும்பிவிடும். நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் சொந்தமாக அஞ்சல் சர்வர் நடத்தும் கல்லூரி, மருத்துவமனை நிர்வாகிகளே, அந்த நகலையும் சோதித்துவிடுங்கள். செர்ட்-இன்னுக்கும் தெரிவியுங்கள்: 2022 ஏப்ரல் 28 அன்று பிறந்த உத்தரவின்படி, வைரஸ் தாக்கியதைக் கவனித்த 6 மணி நேரத்துக்குள் சொல்வது கட்டாயம்.