தரகுப் பாத்தியதை

கோயமுத்தூரில் ஒரு நூற்பாலையோ, திருப்பூரில் ஒரு பனியன் தொழிற்சாலையோ கைமாறும்போது, விற்பவரையும் வாங்குபவரையும் முதன்முதல் ஒன்று சேர்ப்பவர் பெரும்பாலும் ஒரு தரகரே. கிரய சாஸனத்தில் அவர் பெயர் இராது. கணக்குப் பார்த்து, கடன் விசாரித்து, இரு தரப்பாரின் மனத்தாங்கலையும் தணித்து மாதக்கணக்கில் அலைந்தவர் அவர். பத்திரம் பதிவானதும், "உமக்கு இதில் என்ன பாத்தியதை?" என்ற கேள்வி பிறக்கிறது.

நமது மாட்டுச் சந்தைகளில் இத்தகராறு அபூர்வம். துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை முடித்த தரகர், கயிறு கைமாறும் இடத்திலேயே தம் காசை வாங்கிக்கொண்டு போகிறார். ஆலை விற்பனை அப்படியன்று. பாங்கிக் கடன் தீர வேண்டும். தொழிலாளர் பாக்கி தீர வேண்டும். பங்காளிகள் சம்மதிக்க வேண்டும். அந்த இடைவெளியில்தான் நன்றி தேய்கிறது.

சட்டம் யாது கூறுகிறது? 1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 219-வது பிரிவின்படி, பிரத்தியேக ஒப்பந்தம் இல்லாவிடில், ஏற்ற காரியம் முடியும் வரை ஏஜெண்டுக்கு ஊதியம் சேராது. 220-வது பிரிவோ, நேர்மை தவறி நடந்தவர் அந்தக் காரியத்துக்கான ஊதியத்தையே இழப்பார் என்கிறது. எதிர்த் தரப்பிடம் இரகசியமாகக் கை நீட்டும் தரகர்கள் இதை நினைவில் வைப்பது நலம்.

ஆனால் "காரியம்" என்பது எது? ஆள் கொண்டுவந்து நிறுத்துவதா, கிரயம் முடிவதா? இங்கிலாந்தில் லக்ஸர் கம்பெனிக்கும் கூப்பருக்கும் நடந்த வழக்கில், சினிமாக் கொட்டகைகளை 1,85,000 பவுனுக்கு விற்றுத் தந்தால் 10,000 பவுன் தரகு என்று பேச்சு. தரகர் ஆளைக் கொண்டுவந்தார். கம்பெனியார் விற்க மறுத்தனர். கொட்டகைகளுக்குப் பதில் பங்குகளே பிறருக்கு விற்கப்பட்டன. கிரயம் நடவாததால் தரகு இல்லை எனப் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. அது 1941-ம் வருஷத்துச் சட்ட அறிக்கைகளில் உள்ளது. எட்டு ஒன்பது நாள் வேலைக்கு இது லார்டு சான்ஸலரின் ஒரு வருஷச் சம்பளம் அல்லவா என்று, ரஸ்ஸல் பிரபு சுட்டிக் காட்டினார்! நீதிபதியும் மனிதர்தானே.

நமது உச்ச நீதிமன்றமோ 1950-ல், கல்கத்தா அமரத்தல்லா தெரு வீட்டு வழக்கில் தரகருக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொல்லிற்று. வாங்குவோரைத் தேடித் தந்தாலே ஊதியம் என்று அங்கே கடிதம் எழுதப்பட்டிருந்தது. கிரய ஒப்பந்தம் செய்ய அத்தரகருக்கு அதிகாரமில்லை. எனினும் ஊதியம் உண்டு என்றனர்.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எழுத்தின் வித்தியாசமே. கொங்கு நாட்டில் பெரியவர்களிடம் எழுத்துக் கேட்பது அவமரியாதை எனக் கருதும் வழக்கம் உண்டு. வாக்கு மாறாதவர் எழுதித் தர ஏன் தயங்க வேண்டும்? தரகு எந்தக் கட்டத்தில் சேரும், உரிமையாளர் பின்வாங்கினால் என்ன, தவணை கழிந்தபின் அதே ஆளுக்கு விற்றால் என்ன என்பவற்றை ஒரு காகிதத்தில் அடக்கிவிடலாம். முக்கியமாக, ஆலையை விற்றால் மட்டுமா, ஆலைக் கம்பெனியின் பங்குகளை விற்றாலுமா என்பதையும் எழுத வேண்டும். இங்கும் பல ஆலைகள் கம்பெனிகளாகவே இருக்கின்றன.