கல்லைத் தேடிப் போன சொல்

'ஜியாலஜி' என்றதும் நமக்குப் பாறையும் சுத்தியலும்தான் நினைவுக்கு வரும். ஆனால் நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய பதிவில் அந்தச் சொல்லுக்குக் கல்லோடு எந்தத் தொடர்பும் இல்லை. இங்கிலாந்தின் டர்ஹாம் நகர் பிஷப் ரிச்சர்ட் டி பரி, 1344-ல் முடித்த 'பிலோபிப்லான்' என்ற லத்தீன் நூலில் சட்டப் படிப்பை 'ஜியாலஜியா' என்று குறிப்பிட்டார். கிரேக்கத்தில் 'கே' என்றால் பூமி. 'லோகோஸ்' என்றால் சொல், அறிவு. இறையியல் கடவுளைப் பற்றியது, சட்டமோ மண்ணில் வாழும் மனிதரின் வழக்குகளைப் பற்றியது. ஆகவே அது 'பூமி அறிவு'.

அந்தச் சொல் கல்லின் பக்கம் திரும்ப இரண்டரை நூற்றாண்டு பிடித்தது. இத்தாலியின் போலோஞ்ஞா நகரில் செடி, விலங்கு, கனிமம் என்று வாழ்நாளெல்லாம் சேகரித்த உலிஸ்ஸே அல்ட்ரோவாண்டி, 1603-ல் எழுதிய உயிலில், நிலத்தைத் தோண்டி எடுக்கும் பொருள்களைப் பற்றிய படிப்புக்கு இந்தப் பெயரைச் சூட்டினார். 1657-ல் நார்வேயில் நிலம் நடுங்கியபோது, மிக்கேல் எஷோல்ட் என்ற பாதிரியார் அதைப் பற்றி எழுதிய நூலுக்கும் 'ஜியாலஜியா நார்வேஜிகா' என்றே பெயர் வைத்தார்.

பெயர் இப்படி அலைந்துகொண்டிருந்தபோது அறிவியல் வேறொரு பக்கம் வளர்ந்தது. 1666-ல் இத்தாலியக் கடலில் பிடிபட்ட பெரிய சுறாவின் தலை, அறுத்துப் பார்ப்பதற்காக நிக்கோலஸ் ஸ்டெனோ என்ற டேனிஷ் மருத்துவரிடம் வந்தது. மலைப்பாறைகளில் கிடைத்துவந்த 'நாக்குக் கற்கள்' அந்தச் சுறாவின் பற்களை அப்படியே ஒத்திருப்பதை அவர் கண்டார். கடல்வாழ் உயிரின் பல் மலைக்குள் எப்படிப் போனது? 1669-ல் அவர் தந்த விடை இன்றும் இத்துறையின் அரிச்சுவடி: பாறை அடுக்கடுக்காகப் படிந்து உருவாகிறது, புரட்டிப் போடப்படாத வரை, கீழடுக்கு மூத்தது, மேலடுக்கு இளையது.

1778-ல் ஜெனிவாவைச் சேர்ந்த ழான் ஆந்த்ரே தெலூக் பூமியின் அமைப்பைப் பற்றிய அறிவுக்கு 'ஜியாலஜி' பொருத்தமான பெயர் என்றாலும், வழக்கில் இல்லாத சொல் என்று தயங்கினார். மறு ஆண்டே அதே ஊர்க்காரர் சொசூர், ஆல்ப்ஸ் பயணங்களைப் பற்றிய தம் நூலில் தயக்கமின்றி அதைப் பயன்படுத்தினார். மலையேறிப் பாறையைப் பார்த்தவர் கையில் சொல் நிலைத்துவிட்டது.

அந்தச் சொல்லுக்கு ஆழம் கொடுத்தவர் ஸ்காட்லாந்தின் ஜேம்ஸ் ஹட்டன். 1788-ல் இரு நண்பர்களோடு படகில் சிக்கர் முனை என்ற கடற்கரைப் பாறைக்குப் போனார். கீழே சாம்பல்நிறப் பாறை அடுக்குகள் அலமாரியில் அடுக்கிய புத்தகங்கள்போல் செங்குத்தாக நின்றன. அவற்றின் தலைக்கு மேல் செந்நிற மணற்கல் சற்றே சாய்ந்து படுத்திருந்தது. சாம்பல் அடுக்குகளும் ஒரு காலத்தில் கடலடியில் கிடையாகப் படிந்தவைதான். அவை இறுகி, மடிந்து, நிமிர்ந்து, நீருக்கு மேல் எழுந்து, தேய்ந்தபிறகே செம்மணல் வந்து படிந்திருக்க முடியும். உலகின் வயது சுமார் 6,000 ஆண்டு என்று ஐரோப்பாவில் பலர் நம்பிய காலம் அது. அந்த ஒரே பாறைமுகத்துக்கு அந்தக் கணக்கு போதாது என்பது ஹட்டனுக்குத் தெளிவாகத் தெரிந்தது. கீழ்ப்பாறைக்கும் மேற்பாறைக்கும் இடையே 6 கோடி ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி என்கிறது இன்றைய கணக்கு.

ஜியாலஜியைத் தமிழ்நாட்டில் நிலவியல், புவியமைப்பியல் என்கிறோம். இலங்கைத் தமிழர் 'புவிச்சரிதவியல்' என்கிறார்கள். பூமிக்குச் சரித்திரம் உண்டு என்று ஹட்டன் கண்டதை அந்தப் பெயர் நேராகவே சொல்லிவிடுகிறது.

அந்தச் சரித்திரத்தின் ஒரு பக்கம் நம் ஊரிலும் திறந்தே கிடக்கிறது. பெரம்பலூர் மாவட்டம் காரைப் பகுதியில், மழைநீர் அரித்த செம்மண் மேடுகளில், டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலத்துக் கடலுயிர்களின் புதைபடிவங்கள் இருக்கின்றன. பிள்ளைகளை ஒருமுறை அழைத்துப்போய்க் காட்டுங்கள். கண்ணால் பார்க்கட்டும், கேள்வி கேட்கட்டும். எடுத்து மட்டும் வர வேண்டாம்.