‘ஹாபிஸ்கான்’ என்றால் எதை முடிப்பது?

பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ பிள்ளைக்குக் காதுவலி என்று டாக்டரிடம் காட்டிவிட்டு வெளியே வரும்போது கையில் இரண்டு மூன்று மருந்துப் புட்டிகள் இருக்கும். தனியார் டாக்டர் தம் கிளினிக்கிலேயே மருந்தும் கொடுத்துவிடுவார். அரசு கிளினிக்கில் மருந்து கவுண்டரில் வாங்க வேண்டும். அவற்றுள் ஆன்டிபயாட்டிக் புட்டியின் லேபிளில் பெரும்பாலும் மலாயில் ‘ஹாபிஸ்கான்’ என்று போட்டிருக்கும். முடித்துவிடு என்று பொருள். எதை முடிப்பது என்பதில்தான் வீட்டில் குழப்பம்.

டாக்டர் சொன்ன நாள்களைத்தான் முடிக்க வேண்டும், புட்டியை அல்ல. ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். வேளைக்கு 3 மில்லி, நாளுக்கு 3 வேளை, 5 நாள் என்றால் 45 மில்லி. புட்டியோ 60 மில்லி. மிஞ்சும் 15 மில்லியை ஆறாம் நாள் ஊட்ட வேண்டியதில்லை. அடுத்த காய்ச்சலுக்கு ஆகட்டும் என்று எடுத்துவைக்கவும் கூடாது, தம்பிக்குக் கொடுக்கவும் கூடாது. மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டு பிள்ளை ஓடி விளையாடுகிறது என்று நாமாக நிறுத்திவிடுவதும் தவறு. நிறுத்தலாமா என்பதை டாக்டரிடம் கேளுங்கள்.

அளவு பிள்ளையின் எடையைப் பார்த்து எழுதப்படுவது. அதனால் அண்ணனுக்கு எழுதியது தங்கைக்குப் பொருந்தாது. அமோக்சிசிலின் திரவம் 5 மில்லியில் 125 மில்லிகிராம் என்றும் 250 மில்லிகிராம் என்றும் இரு வகையில் வருகிறது. போன முறை 5 மில்லி கொடுத்தோமே என்று இந்த முறையும் அதையே ஊற்றினால் மருந்து இரு மடங்காகிவிடலாம். சமையலறைக் கரண்டியை நான் அடியோடு வேண்டாம் என்பேன். ஒரு வீட்டுத் தேக்கரண்டி 3 மில்லி பிடிக்கும், இன்னொன்று 6 பிடிக்கும். மில்லி கோடு போட்ட சிரிஞ்சே சரி. சிரிஞ்சின் நுனியைக் கன்னத்தின் உட்புறம் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள், தொண்டைக்கு நேராகப் பீய்ச்சாதீர்கள்.

லேபிளில் ‘கோன்சாங்’ என்றிருந்தால் புட்டியைக் குலுக்க வேண்டும். குலுக்காவிட்டால் மருந்து அடியில் தங்கி, முதல் நாள் தண்ணீரும் கடைசி நாள் கெட்டியும் உள்ளே போகும். பொடியாக வரும் மருந்தில் தண்ணீர் கலந்த நாளிலிருந்தே அதன் ஆயுள் ஓடத் தொடங்குகிறது. அமோக்சிசிலினுடன் கிளாவுலானிக் அமிலம் சேர்ந்த மருந்தை ஐஸ்பெட்டியில் வைத்து 7 நாளுக்குள் முடிக்க வேண்டும். ஆனால் கிளாரித்ரோமைசினை ஐஸ்பெட்டியில் வைக்கவே கூடாது. எல்லாச் சிரப்பும் உள்ளே போகட்டும் என்பது பல வீடுகளின் பழக்கம், அதை விட வேண்டும். வெயிலில் நிற்கும் காரில் எந்த மருந்தையும் விட்டுவைக்காதீர்கள்.

தேனில் குழைத்துக் கொடுப்பது நம் பாட்டிமார் வழக்கம். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் ஆகாது, பொட்டுலிசம் என்னும் கடும் நோய்க்கு அது வழிவிடலாம். பால் புட்டி முழுவதிலும் மருந்தைக் கலப்பதும் வீண், பிள்ளை பாதியில் நிறுத்தினால் மருந்தும் பாதிதான் போயிருக்கும். ஒரு வேளை மறந்துவிட்டால் நினைவு வந்ததும் கொடுக்கலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடுங்கள், இரண்டையும் சேர்த்துக் கொடுக்காதீர்கள். உதடோ முகமோ வீங்கி மூச்சுத் திணறினால் மருந்தை நிறுத்திவிட்டு உடனே 999 அழைக்க வேண்டும்.

சளியும் இருமலும் பெரும்பாலும் வைரஸால் வருபவை. அவற்றை ஆன்டிபயாட்டிக் தொடாது. எழுதித் தரும்படி டாக்டரை நெருக்க வேண்டாம். தேவையில்லாமல் கொடுத்துக்கொண்டே போனால் கிருமிகள் அந்த மருந்துக்குப் பழகிவிடும். பிறகு உண்மையாகவே தேவைப்படும் நாளில் அது கேட்காது.

அடுத்த முறை மருந்து வாங்கும்போது சிரிஞ்சைக் கேட்டு வாங்குங்கள். எத்தனை மில்லி, எத்தனை நாள், ஐஸ்பெட்டியா வெளியிலா என்று மூன்றையும் கேளுங்கள். முதல் வேளையை அங்கேயே அளந்து காட்டச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்தபின் சந்தேகம் வந்தால், மருந்து பற்றிக் கேட்பதற்கென்றே சுகாதார அமைச்சின் இலவசத் தொலைபேசி எண் இருக்கிறது: 1-800-88-6722.