கம்ப்யூட்டரில் இல்லாத டிரைவுக்கு எழுத்து எதற்கு?

நம் உறுப்பினர்கள் பலருடைய கடைகளில் இப்போது பில் போடுவதும் பேரேடு எழுதுவதும் கம்ப்யூட்டரில்தான். அதில் 'திஸ் பிசி' என்பதைத் திறந்தால், சி, டி தவிர எப், ஜி, எச் என்று எழுத்துகள் வரிசையாக நிற்பதுண்டு. உள்ளே போய்ப் பார்த்தால் ஒன்றுமிராது. கையிருப்பில் இல்லாத சரக்குக்குப் பேரேட்டில் பக்கம் ஒதுக்கிய கதைதான்.

முதலில் வந்த கம்ப்யூட்டர்களில் பிளாப்பிக்கு ஏ, பி என்ற எழுத்துகள் போயின. 1983-இல் ஐ.பி.எம். எக்ஸ்.டி. கம்ப்யூட்டரில் ஹார்டு டிஸ்க் வந்தபோது அதற்கு சி. பிளாப்பி மறைந்த பிறகும் அந்த வரிசை மாறவில்லை.

மெமரி கார்டு செருகும் பெட்டியில் நான்கு துளை இருந்தால், கார்டு இல்லாமலே நான்கு எழுத்துகளைப் பிடித்துக்கொள்ளும். குடோன் கம்ப்யூட்டரோடு இணைத்த நெட்வொர்க் டிரைவ், அந்தக் கம்ப்யூட்டரை எடுத்துவிட்ட பின்னும் சிவப்புப் பெருக்கல் குறியோடு நிற்கும். விண்டோஸ் தன் பழுதுபார்ப்புக்காக மறைத்து வைத்திருக்கும் பகுதிக்கும் சில சமயம் எழுத்து விழுந்துவிடும். 2018 ஏப்ரலில் வந்த விண்டோஸ் 10 புதுப்பிப்புக்குப் பிறகு பலருக்கு இப்படி ஆனது.

இருந்துவிட்டுப் போகட்டும் என்று விடலாகாது. டாலி போன்ற மென்பொருளில் பேக்கப் போகும் இடம் இந்த எழுத்தை வைத்தே பதிவாகிறது. எப் என்று பதிந்திருக்க, பென்டிரைவ் இன்று ஜி ஆகிவிட்டால் பேக்கப் அதில் ஏறாது. மரக்காணம் உப்பளக் கரையிலோ உப்புக்காற்று செருகுவாயின் உலோகத்தை அரித்து, தொடர்பு விட்டுவிட்டு வரும், குழப்பம் இரட்டிப்பாகும். உப்புக்கு ஜி.எஸ்.டி. இல்லை. ஆனால் கூடவே எண்ணெயும் சோப்பும் விற்று, ஜி.எஸ்.டி. பதிவு பெற்றிருப்பவர்கள், ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்யவேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் கணக்கைக் காப்பாற்றி வைத்தாக வேண்டும்.

நெட்வொர்க் டிரைவ் என்றால் அதன்மேல் வலது கிளிக் செய்து 'டிஸ்கனெக்ட்' கொடுத்தால் போதும். மற்றவற்றுக்கு, ஸ்டார்ட் பட்டனில் வலது கிளிக் செய்து 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' திறக்கவும். வெற்று டிரைவின்மேல் வலது கிளிக், 'சேஞ்ச் டிரைவ் லெட்டர் அண்ட் பாத்ஸ்', பிறகு 'ரிமூவ்'. எழுத்துதான் போகும், உள்ளிருப்பது அழியாது. அதே பட்டியலில் 'பார்மட்', 'டெலிட் வால்யூம்' என்றும் இருக்கும். அவற்றின் பக்கம் கை போகவே கூடாது! திறந்தவுடன் 'பார்மட் செய்யவா?' என்று தானாகக் கேட்டாலும் 'கேன்சல்'தான். விண்டோஸ் மறைத்து வைத்த பகுதிக்குச் சில வேளை 'ரிமூவ்' வசதி வராது. 'மவுன்ட்வால்' கட்டளை தெரிந்தவரைக் கூப்பிடுவதே மேல்.

பேக்கப் பென்டிரைவுக்கு அதே இடத்தில் 'ரிமூவ்' என்பதற்குப் பதில் 'சேஞ்ச்' கொடுத்து, எம் போல வரிசையில் தள்ளியுள்ள ஓர் எழுத்தைத் தந்துவிடுங்கள். அந்தக் கம்ப்யூட்டர் அதை நினைவில் வைத்துக்கொள்ளும். அதன்பின் மென்பொருளிலும் பேக்கப் இடத்தை எம் என்று மாற்றி, ஒரு பேக்கப் எடுத்து, பென்டிரைவைத் திறந்து அன்றைய தேதியில் கோப்பு விழுந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளவும்.