எந்தப் பக்கத்து யன்னல்?

ஆகாய விமானத்தில் ஏறுவோர் யாவரும் யன்னலோர ஆசனத்தையே நாடுவர். எந்தப் பக்கத்து யன்னல் என்று முன்கூட்டியே எண்ணிப் பார்ப்பவரோ மிகச் சிலர்.

சென்னையிலிருந்து கட்டுநாயக்காவுக்கு வரும் வழியை எடுத்துக்கொள்வோம். தேசப்படத்தில் இவ்விரு நிலையங்களையும் நேர்கோட்டால் இணைத்தால், அக்கோடு ஏறக்குறையத் தெற்கு நோக்கிச் சென்று, பாக்குநீரிணையைக் கடந்து, மன்னார்ப் பெருநிலத்தின்மேல் புகுந்து, புத்தளத்துக்குச் சற்றே கிழக்காக இறங்கும். ஆகவே இடப்பக்கத்தார்க்கு யாழ்ப்பாணக் குடாநாடு. வலப்பக்கத்தார்க்கு இராமர் அணை என்றும் ஆதாம் பாலம் என்றும் வழங்கும் மணற்றிட்டுக்கள், மன்னார்த் தீவு, வில்பத்துக் காட்டின் கடலோரம், பின்னர் புத்தளக் களப்பு. மும்மூன்று ஆசனங்கள் அமைந்த விமானமாயின் வலப்பக்க யன்னலுக்குரிய எழுத்து 'எஃப்'. திருச்சிராப்பள்ளியிலிருந்து வருவோர் இதனைப் பின்பற்றலாகாது. அவர்கள் வழி மேற்கிலிருந்து சரிந்து வருவதால் மணற்றிட்டுக்களும் களப்பும் இடப்பக்கத்திலே கிடைக்கும். இறங்குமுன் விமானம் கடல்மேல் விலகிச் சுற்றுமாயின் கணக்குத் தலைகீழாவதும் உண்டு.

இறக்கைக்கு முன்னுள்ள வரிசையே உத்தமம். இறக்கைமேல் அமர்ந்தவர் வெறும் தகட்டையே தரிசிப்பார். பின்னே அமர்ந்தவர்க்கு எந்திரம் கக்கும் வெப்பக் காற்றிலே கீழுள்ள நிலம் கானல்போல் நெளியும். காலை விமானமாயின் கதிரவன் கிழக்கே நிற்க, மேற்குக் கரை கண்கூசாது துலங்கும். 1947 டிசம்பரில் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு முதற் சேவையைத் தொடங்கிய எயர் சிலோன் டகோட்டா விமானம் தாழவே பறந்தது. அக்காலத்துப் பிரயாணிகள் கடலிலுள்ள தோணிகளையும் எண்ணியிருப்பர் போலும்!

புத்தளக் களப்பை அடையாளங் காண்பது எளிது. மேற்கே கற்பிட்டிக் குடாநாடு நீண்டு கிடக்கும். அதன்மேல் நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி. கிழக்குக் கரையிலே சதுரஞ் சதுரமாக உப்பளங்கள். 1344இல் இபின் பதூதா இறங்கியது இக்கரையிலேதான். பாவா ஆதம் மலையைக் கடலிலிருந்தே கண்டதாக அவர் எழுதிவைத்தார். அம்மலை தென்கிழக்கே நிற்பதால், விமானத்தில் அது இடப்பக்கத்தார் பாக்கியம்.

புத்தளம் நகரை அடுத்துள்ளது தில்லையடி. 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் சுமார் 75,000 பேரை விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது, மன்னார்த் தீவிலிருந்து பலர் தோணிகளிலே கற்பிட்டிக்கு வந்தனர். வந்தோரை ஏற்ற ஊர்களுள் தில்லையடியும் ஒன்று. போர் 2009இல் முடிந்தபின் மன்னாருக்கு மீண்டோர் உளர். இங்கேயே பிள்ளைகளை மணமுடித்துக் கொடுத்து நிலைத்தோரும் உளர். கடலிலே அலைப்புண்டு கடந்த அந்தத் தூரத்தை விமானம் ஏறக்குறையப் பத்து நிமிடங்களிலே கடந்துவிடுகிறது. விட்டு வந்த கரையும் வந்து சேர்ந்த கரையும் ஒரே யன்னலிலே, ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றி மறையும். அதைக் காண விழைபவர் ஆசனம் பதியும்போதே வலப்பக்கத்தைக் கேட்டு வாங்குதல் வேண்டும். ஏறியபின் அயலவரிடம் இரந்து பெறும் பொருளன்று அது.

சென்னைக்குத் திரும்புங்கால் மேற்குக் கரை இடப்பக்கம் வந்துவிடும். அப்போது 'ஏ' எழுத்து ஆசனம். முதலில் தில்லையடி, பின்னரே மன்னார்.