பழைய இரும்புக் கடையில் சில கருவிகள்

எங்கள் பக்கத்தில் செங்கல் சூளையைக் காளவாசல் என்றுதான் சொல்வார்கள். மதுரையில் தேனி ரோடும் பைபாஸ் ரோடும் சந்திக்கும் இடத்துக்கு அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. இன்று அங்கே சூளையும் இல்லை, புகையும் இல்லை. 2020ஆம் ஆண்டு திறக்கப்பட்ட மேம்பாலம்தான் உண்டு. அந்தப் பாலத்திலிருந்து சற்றுத் தள்ளி ஒரு சந்தில் என் தந்தையார் பழைய இரும்புக் கடை வைத்திருக்கிறார். முதலாண்டில் நண்பர்கள், "அப்பாவுக்கு என்ன தொழில்?" என்று கேட்டபோது, "வியாபாரம்" என்று சொல்லி நழுவி வந்தேன். மூன்றாமாண்டில் அந்தக் கூச்சம் போய்விட்டது. இயற்பியல் படிக்கப் படிக்க, கடையில் கிடக்கும் கருவிகள் ஒவ்வொன்றும் ஒரு பாடமாகத் தெரியத் தொடங்கியதுதான் காரணம்.

ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம் என்று கூவி வந்த வண்டிக்காரரை நம் பெற்றோர் மறந்திருக்க மாட்டார்கள். எங்கள் கடையில் தராசுக்கும் முந்திய கருவி காந்தம். பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய வட்டக் காந்தம்; கயிற்றில் கட்டித் தொங்குகிறது. கீழே போட்டால் ஓடு போல உடைந்துவிடும் என்பதால் அதைத் தொட யாருக்கும் எளிதில் அனுமதி கிடையாது. சாமானில் ஒட்டினால் இரும்பு, ஒட்டாவிட்டால் வேறு உலோகம். பார்வைக்குப் பித்தளை போல மின்னும் கைப்பிடியில் காந்தம் போய் ஒட்டினால், அது முலாம் பூசிய இரும்பு என்று தெரிந்துகொள்ளலாம்.

ஆனால் ஒட்டாததெல்லாம் விலை உயர்ந்தது என்று எண்ணிவிடக் கூடாது. நம் வீட்டு எவர்சில்வர் பாத்திரங்கள் பலவற்றில் காந்தம் ஒட்டாது. பளபளப்பான குழாய்த் திருகுகள் சில உள்ளே துத்தநாகக் கலவையாக இருக்கும். அங்கே அரம் வேண்டும். ஓரத்தில் இரண்டே இழுப்பு. மேற்பூச்சு போனதும் மஞ்சள் தெரிந்தால் பித்தளை, வெள்ளை தெரிந்தால் வேறு. அலுமினியமா துத்தநாகமா என்ற ஐயத்தைக் கையே தீர்த்துவிடும். அலுமினியத்தின் அடர்த்தி 2.7, துத்தநாகத்துக்கு 7.1. ஆர்க்கிமிடிஸ் பெயரைக் கேட்டறியாத என் தந்தையார் உள்ளங்கையில் ஒருமுறை தூக்கிப் பார்த்துச் சொல்லிவிடுவார். மலிவான மின்விசிறிகள் சிலவற்றில் செம்புக்குப் பதில் அலுமினியக் கம்பி சுற்றி, செந்நிற வார்னிஷ் பூசியிருப்பார்கள். அந்த வேடத்தைக் கலைப்பதும் இதே அரம்தான்.

அடுத்தது சம்மட்டி. இது எல்லா இரும்பையும் உடைக்கும் என்று நினைப்பவர்கள் பலர். வார்ப்பிரும்பில் கரி இரண்டு சதவீதத்துக்கு மேல் இருப்பதால் அது நொறுங்கும் தன்மையுடையது. பழைய தையல் இயந்திரத்தின் கால் இரண்டு அடியில் பிளந்துவிடும். கட்டடக் கம்பி போன்ற எஃகில் கரி மிகக் குறைவு. அதை நாள் முழுக்க அடித்தாலும் வளையுமே தவிர உடையாது. அதற்கு ஆக்சா பிளேடு வேண்டும். அடிப்பதற்கு அடியில் வைக்கும் பாளத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தண்டவாளத் துண்டுதான் இதற்கு மிகப் பொருத்தம். ஆனால் 1966ஆம் ஆண்டின் ரயில்வே சொத்துச் சட்டப்படி, வந்த வழியைக் காட்ட முடியாத தண்டவாளத் துண்டை வைத்திருப்பதே குற்றமாகிவிடும். எனவே எங்கள் கடையில் லாரி அச்சுதான் கிடக்கிறது.

வெட்டிரும்பைப் பற்றி எழுதும்போது என் கை சற்றுத் தயங்குகிறது. மோட்டாரைப் பிரிப்பதில் அதற்கு ஈடில்லை. துருப்பிடித்த திருகுகளில் மண்ணெண்ணெய் விட்டு ஒரு இரவு ஊறவைத்து, ஸ்பேனரின் காம்பில் குழாயைச் செருகி நீளமாக்கித் திருப்பினால் மூடி கழன்றுவிடும். நெம்புகோல் தத்துவம்தான். பிறகு சுருளின் ஒரு பக்கத்துத் தலையை வெட்டிரும்பால் சீவிவிட்டு, மறுபக்கத்தில் குறடு போட்டு இழுத்தால் செம்பு கற்றை கற்றையாக வந்துவிடும். ஆனால் அடிபட்டு அடிபட்டு வெட்டிரும்பின் தலை காளான் குடை போல விரிந்து, ஓரத்தில் பிசிர் கட்டும். அடுத்த அடியில் அந்தப் பிசிர் தெறிக்கும். நான் எட்டாம் வகுப்பில் இருந்தபோது அப்படித் தெறித்த துணுக்கு ஒன்று தந்தையாரின் இடது கண்ணில் பாய்ந்தது. பார்வை திரும்பவில்லை. திங்கள்தோறும் எல்லா வெட்டிரும்புகளின் தலையையும் சாணைக் கல்லில் தேய்ப்பது அன்றிலிருந்து என் வேலை. கண்ணாடி போடாமல் அடிப்பவர்களுக்குக் கடையில் இடமில்லை.

மின்கம்பியை உரிக்கக் கத்தி இருக்கிறது. கொளுத்திவிட்டால் சுலபம் என்பார்கள். பி.வி.சி. எரிந்தால் வரும் புகையில் ஹைட்ரஜன் குளோரைடும் டையாக்சினும் இருப்பதை வேதியியல் மாணவர்கள் அறிவார்கள். கருகிய செம்புக்கு விலையும் குறைவு. பெட்ரோல் இருந்த பீப்பாயை நாங்கள் வாங்குவதே இல்லை. காலியான பீப்பாயில் மிஞ்சிய ஆவிக்கு வெட்டிரும்பின் ஒரு பொறி போதும்.

நிற்க. பேராசிரியப் பெருமக்களும் கேட்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. டெல்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறையில் 1968இல் கனடாவிலிருந்து வாங்கிய காமாக் கதிர்க் கருவி ஒன்று இருந்தது. 1985க்குப் பிறகு அதை யாரும் பயன்படுத்தவில்லை. 2010 பிப்ரவரியில் பழைய சாமான்களோடு அதுவும் ஏலம் போய், மாயாபுரி பழைய இரும்புச் சந்தைக்கு வந்து சேர்ந்தது. அங்கே அதைப் பிரித்தார்கள். உள்ளே இருந்தது கோபால்ட்-60. அதன் அரை ஆயுள் ஐந்தேகால் ஆண்டு. 42 ஆண்டுகளில் எட்டு முறை பாதியாகி 256இல் ஒரு பங்காகக் குறைந்திருக்கும். அந்த மிச்சமே ஒரு தொழிலாளியின் உயிரைக் குடித்தது. மேலும் பலர் கதிர்வீச்சால் நோயுற்றனர். காந்தமோ அரமோ கோபால்ட்-60 இருப்பதைக் காட்டிக் கொடுக்காது. ஏலப் பட்டியலில் ஒரு வரி இருந்திருந்தால் அது காட்டியிருக்கும்.

இதைப் படித்த அன்று மாலை, கடைச் சுவரில் கதிர்வீச்சு அபாயச் சின்னத்தைச் சுண்ணக்கட்டியால் பெரிதாக வரைந்தேன்: நடுவில் புள்ளி, சுற்றிலும் மூன்று இதழ்கள். தந்தையார் வலது கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தார்.

"என்னப்பா, சீலிங் ஃபேன் படம் வரஞ்சிருக்க?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் தொழிலில் ஃபேன் என்றால் உள்ளே செம்பு என்று பொருள். அந்தச் சின்னத்தைக் கண்டால் முதல் வேலையாகப் பிரித்துத்தான் பார்ப்பார்கள்! 2007இலேயே சர்வதேச அணுசக்தி முகமை இதை உணர்ந்து, கதிரலைகளுடன் மண்டையோடும் ஓடுகிற மனிதனும் சேர்ந்த வேறொரு சின்னத்தை வெளியிட்டிருக்கிறது என்பதைப் பிறகு தேடித் தெரிந்துகொண்டேன். மறுநாள் அதையும் பக்கத்தில் வரைந்து வைத்தேன். மண்டையோடு சரியாக அமையவில்லை. ஆனால் ஓடுகிற ஆளைக் கண்டதும், "இது வெளங்குது" என்றார் தந்தையார்.